வென்டெல் கிரூபருக்கு என்ன தெரியும்

நம்பிக்கைதான் ஓர் அணியின் முதுகெலும்பு. அது இல்லாமல் எந்தச் சாம்ராஜ்யமும் எழுந்ததில்லை, எந்தக் கோப்பையும் வெல்லப்பட்டதில்லை. போர்ட் ஹாலம் படகோட்டிகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பொது மேலாளர் ராண்டல் ஆஷ்வெல் இதை ஆண்டுக்கொரு முறை எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்வார். சொல்லி முடித்ததும் தன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, பூட்டு சரியாக விழுந்ததா என்று பிடியை இழுத்துப் பார்ப்பார்.

அந்த மார்ச் மாதம் அவர் பிடியை இழுக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. காரணம் வென்டெல் கிரூபர். எங்கள் மாற்று குவார்ட்டர்பேக். அவனுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

குவார்ட்டர்பேக் என்றால் எங்கள் ஊரில் பாதிரியாருக்கு ஒரு படி மேலே. பந்து அவன் கையிலிருந்துதான் கிளம்பும். ஜெயித்தால் அவன் ஜெயித்தான் என்பார்கள், தோற்றால் அணி தோற்றது என்பார்கள். மாற்று குவார்ட்டர்பேக் என்பவன் அந்த மகாராஜனுக்குத் தோளோ காலோ முறிந்தால் இறங்குவதற்காகக் காத்திருப்பவன். எங்கள் ஜெரோம் லாசிட்டர் நாலு வருஷமாக எதையும் முறித்துக்கொள்ளவில்லை. அதனால் வென்டெல் நாலு வருஷமாகத் தலையில் தொப்பியும் கையில் டேப்லெட் கணினியுமாக ஓரக்கோட்டில் நின்றான். எங்கள் ஆட்ட முறைகள் முழுவதும், படத்தோடும் பெயரோடும், அந்தக் கணினியில்தான் இருக்கும். அதை அவன் உற்றுப் பார்க்கிற அழகைத் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் வாரம் தவறாமல் புகழ்ந்தார்கள். ஆஷ்வெலும் ஒரு பேட்டியில் அவனை "இந்த அணியின் இரண்டாவது மூளை" என்று சொல்லிவைத்தார்.

பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. ஆஷ்வெல் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு அறிக்கை எழுதி வை" என்றார். "ஒண்ணுல அவன் நம்ம குடும்பம், எங்கயும் போகமாட்டான். இன்னொண்ணுல அவன் நம்ம குடும்பம், போயிட்டு வரட்டும்."

"எது வேணும்னு எப்பத் தெரியும் சார்?"

"அவன் யாருன்னு தெரிஞ்சப்புறம்."

விஷயம் இதுதான். டிசம்பரில் மில்ஸ்போர்ட் அணியோடு நடந்த ஆட்டத்தில், எல்லைக்கோட்டுக்கு மூன்று கஜம் இருக்கும்போது, அந்த அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன், வைக்கோல் வண்டி மாதிரி உடம்பு, எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே கையை ஆட்டி, "கிழட்டு அத்தை வருது, கிழட்டு அத்தை வருது" என்று கத்தினான். கிழட்டு அத்தை என்பது எங்கள் ஆட்டமுறைகளில் ஒன்றின் பெயர். எங்களைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாதது. அத்தை வந்தாள், அவர்கள் நாலு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். தோற்றோம். அதோடு ஆட்டப் பருவமும் முடிந்தது.

யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது ஆஷ்வெலின் முடிவு. யார் என்பதில் அவருக்கு முதலில் எல்லோர் மேலும் சந்தேகம். துணி துவைக்கிறவரைச் சந்தேகித்தார். புல் வெட்டுகிறவரைச் சந்தேகித்தார். என்னையும் ஒரு வாரம் சந்தேகித்தார். அந்த வாரம் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார். பிறகு வென்டெலின் முகவர் தொலைபேசியில் கூப்பிட்டார், சந்தேகம் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது.

"வென்டெலுக்கு என்ன வேணுமாம்?" என்று ஆஷ்வெல் கேட்டார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

"ஒண்ணும் வேணாம்கிறான்" என்றார் முகவர். குரலிலேயே வெட்கம் தெரிந்தது. "அதே சம்பளம், அதே லாக்கர். ஊர்ல இருந்தாப் போதுமாம்."

"வேற எந்த அணியாவது கேட்டாங்களா?"

"கேட்டா நான் ஏன் ராண்டல் உங்ககிட்ட இப்படிப் பேசிக்கிட்டிருக்கேன்?"

ஆஷ்வெல் ஒலிபெருக்கியை அணைத்தார். 

"இருபத்தஞ்சு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்" என்றார். "என் எதிர்ல உக்காந்து ஒண்ணும் வேணாம்னு ஒருத்தனும் சொன்னதில்ல. இவனுக்கு வேற எங்கேர்ந்தோ வருது."

மறுநாளே லோர்னா டட்டில் என்ற அம்மாள் வந்து சேர்ந்தார். மாவட்டக் காவல்துறையில் மோசடி வழக்குகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆஷ்வெல் அதைப் பெரிய தகுதியாக எடுத்துக்கொண்டார். யாருக்கும் ரசிகையாக இல்லாத ஆளை இந்த ஊரில் வேறெங்கே தேடுவது.

டட்டில் அம்மாளின் விசாரணைக் கோப்பு இரண்டே வாரத்தில் தடித்துவிட்டது. வென்டெல் எதிரணிகளின் ஆட்டங்களைப் பற்றி லாக்கர் அறையில் அளவுக்கு மீறிப் பேசுகிறான். கூட்டங்களில் கேள்வியே கேட்பதில்லை. சக ஆட்டக்காரர்களோடு அணியின் ரகசியம் எதையும் விவாதிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய டேப்லெட் நாலு வருஷத்தில், முதல் நாளைத் தவிர, ஒரு தடவைகூடத் திறக்கப்பட்டதாகப் பதிவு இல்லை.

"அப்படின்னா அவன் பார்க்கவே இல்லன்னுதானே அர்த்தம்?" என்று நான் கேட்டேன்.

டட்டில் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "சாதாரணத் திருடன் தடயத்த விட்டுட்டுப் போவான். தடயமே இல்லன்னா யாரு?"

"தொழில்காரன்" என்றார் ஆஷ்வெல், கிசுகிசுப்பாக.

தலைமைப் பயிற்சியாளர் ஸ்டான் கபுஸ்டாவுக்கும் இந்த முடிவு பிடித்திருந்தது. கபுஸ்டாவைப் பத்திரிகைகள் மேதை என்று எழுதும். அவரும் மறுத்ததில்லை. அவர் வகுத்த ஆட்டத்தை எதிரி முன்கூட்டியே தெரிந்துகொண்டான் என்றால், ஒன்று துரோகி இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் மேதை இல்லை என்று ஆகும். இரண்டில் எது நடந்திருக்கும் என்று அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

லாசிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவன் வாழைப்பழம் தின்றுகொண்டே வந்தான்.

"வென்டெலா? வச்சுக்கங்க. ரொம்ப நல்லவன்."

"எதனால சொல்ற?" என்றார் கபுஸ்டா.

"இதுக்கு முன்னால இருந்த மாற்று ஆளுங்க எல்லாம், நீ இத இப்படிப் போட்டிருக்கலாம், அப்படிப் பார்த்திருக்கலாம்னு காதுகிட்டயே நிப்பாங்க. இவன் ஒரு வார்த்த சொன்னதில்ல கோச். நாலு வருஷமா. தண்ணி பாட்டிலத் தருவான், முதுகுல தட்டுவான், போயிடுவான்."

டட்டில் அம்மாள் குறித்துக்கொண்டார்: தலைமை ஆட்டக்காரனுக்கு உதவ மறுக்கிறான்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் சமைப்பதில்லை. மாதா கோயில் மண்டபத்தில் ஏரி மீனை மாவில் தோய்த்துப் பொரித்துப் போடுவார்கள், கூட முட்டைக்கோஸும் பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டையும். நான் தட்டோடு வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல், "ரெண்டுல எது தயாரா இருக்கு?" என்றது.

வென்டெலின் மனைவி கோரின். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பொய் சொல்கிற பையனை மூக்கைப் பார்த்தே கண்டுபிடிப்பவள்.

"எந்த ரெண்டு?"

"நீ எப்பவும் ரெண்டு எழுதுவியாமே. லாசிட்டர் பொண்டாட்டி சொன்னா."

"ரெண்டும் தயாராத்தான் இருக்கு கோரின். மேல சொல்ற வரைக்கும் எனக்கே தெரியாது."

அவள் தட்டில் ஒரு கரண்டி முட்டைக்கோஸை வைத்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமான வேகத்தில்.

"கேளு. கல்யாணமான நாள்லேர்ந்து இந்தாளு பின்னால ஏழு ஊர் மாறிட்டேன். ஒவ்வொரு ஊர்லயும் புதுசா வேலை தேடி, அந்த மாநிலத்துப் பரீட்சையத் திரும்ப எழுதி, அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னு கத்துக்கிட்டு. இங்கதான் முதல் தடவையா எனக்குன்னு ஒரு ஆய்வுக்கூடம் குடுத்திருக்காங்க. நான் நகர்றதா இல்ல. எட்டாவது ஊருக்கு நீ மட்டும் போ, ஞாயித்துக்கிழமை போன் பண்ணுன்னு சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. அவனுக்கு வேற வேலை எதுவும் தெரியாது. இந்த வேலையும்..." என்று ஆரம்பித்தவள், நிறுத்திக்கொண்டாள். "மீன் ஆறிடும், போ."

தூரத்து மேசையில் வென்டெல் உட்கார்ந்திருந்தான். ஆறடி நாலு அங்குல உயரத்தை மடக்குநாற்காலியில் எப்படி அடக்குவது என்று தெரியாமல் முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தான். அவனுக்கு இரண்டு மேசை தள்ளி, முழு மண்டபத்துக்கும் முதுகைக் காட்டி, மீனைத் தொடாமல் டட்டில் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வென்டெலைக் கூப்பிட்டார்கள். ஆஷ்வெலின் அறையில் ஆஷ்வெல், கபுஸ்டா, டட்டில் அம்மாள். மூலையில் நான், மடியில் உறைக்குள் இரண்டு அறிக்கைகள்.

"உக்காரு வென்டெல்" என்றார் ஆஷ்வெல். "இது விசாரணை இல்ல. சும்மா மனம்விட்டுப் பேசுறோம்."

டட்டில் அம்மாள் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து அழுத்தினார்.

"மனம்விட்டுப் பேசுறதுக்கு அது எதுக்கு சார்?"

"பேசினது மறந்துடக் கூடாதுல்ல."

கபுஸ்டாவுக்குப் பொறுமை இல்லை. எழுந்து போய்ச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டார். "எல்லைக்கோடு. மூணு கஜம். ஆட்டம் ஒண்ணு வரை."

வென்டெலின் முகம் மலர்ந்தது. பேனாவை வாங்கினான். வட்டம், பெருக்கல் குறி, அம்புக்குறி எல்லாம் சரசரவென்று விழுந்தன. யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும், பந்து எந்தக் கணத்தில் கையை விட்டுப் போக வேண்டும் என்று அழகாகச் சொல்லிக்கொண்டே போனான். முடித்துவிட்டு, பாராட்டு வரும் என்று திரும்பிப் பார்த்தான்.

கபுஸ்டாவின் கழுத்திலிருந்து காது வரை சிவந்திருந்தது.

"இது மில்ஸ்போர்ட்டோட ஆட்டம்."

"ஆமா கோச். அவங்களோடது நல்லா இருக்கும்."

"இன்னொண்ணு வரை."

வரைந்தான். அது டார்லிங்டன் அணியுடையது. மூன்றாவதும் வேறொரு அணியுடையது. டட்டில் அம்மாள் ஆஷ்வெலைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார்.

"எதிராளிங்க வீட்டு அடுப்படி வரைக்கும் உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் கபுஸ்டா.

"நீங்கதானே கோச் கத்துக்கச் சொல்றீங்க. பயிற்சியில வாரா வாரம் எதிரணி குவார்ட்டர்பேக் மாதிரி நடிக்கிறது யாரு? இந்த வாரம் நீ மில்ஸ்போர்ட்காரன், அடுத்த வாரம் டார்லிங்டன்காரன்னு படத்தத் தூக்கிக் காட்டுவாங்க. நானும் செய்வேன். நாலு வருஷமா நான் நம்ம ஆளா இருந்ததே இல்ல."

அது உண்மைதான். எல்லா அணியிலும் மாற்று ஆளுக்கு அதுதான் வேலை. கபுஸ்டா ஒரு கணம் தடுமாறினார். பிறகு அவன் பலகையடியில் வைத்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"சரி. நம்மளோடத வரை."

வென்டெல் பேனாவை வாங்கவில்லை. ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தான். கரையோரப் பனிக்கட்டி பாளம் பாளமாக உடைந்து கிடந்தது.

"எத?" என்றான்.

"எதையாவது. கிழட்டு அத்தைய வரை."

அவன் துரோகி இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் வேலை போய்விடும். ஏற்றாவிட்டாலும் போய்விடும், பெயரும் சேர்ந்து போகும். மடியிலிருந்த உறையில் எந்த அறிக்கை மேலே இருக்கிறது என்று நான் தடவிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது கோச்."

"எது தெரியாது?"

"நம்மளோடது. எதுவுமே."

பிறகு அவனாகவே சொன்னான். சேர்ந்த முதல் வாரம் டேப்லெட்டுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறான். மறுநாள் மறந்துவிட்டது. இரண்டு மூன்று தடவை தப்பாக அழுத்தியதும் பூட்டிக்கொண்டது. கணினிப் பிரிவுக்குப் போனால், அன்றைக்குத்தான் அதே காரணத்துக்காக வந்த ஒரு வயதான பயிற்சியாளரை அங்கிருந்த பையன்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்ததுபோல் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். பருவம் தொடங்கிவிட்டது. பிறகு சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது.

"ஓரத்துல நின்னு நாலு வருஷமா அதுல என்னத்தடா பார்த்துக்கிட்டிருந்த?"

"என் மூஞ்சிய கோச். திரை கறுப்பா இருந்தா கண்ணாடி மாதிரி இருக்கும்."

"கூட்டத்துல? தினம் காலைல ரெண்டு மணி நேரம் நான் தொண்ட கிழியப் பேசுறேனே."

"நீங்க லாசிட்டரத்தான் கேள்வி கேப்பீங்க. அவன் சொல்லுவான், நான் தலையாட்டுவேன். என்ன ஒரு தடவகூட நீங்க கேட்டதில்ல."

ஆஷ்வெல் கண்ணை மூடிக்கொண்டார். "இரண்டாவது மூளை" என்று அவர் சொன்ன பேட்டி, அரங்கத்தின் வரவேற்பறைத் திரையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லாசிட்டரின் கால் ஒரு தடவை பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசிப்பது நெற்றியில் தெரிந்தது. இந்த ஆள் நாலு வருஷமாகச் சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று அணியின் உரிமையாளர் கேட்பார் என்பதும் தெரிந்தது.

டட்டில் அம்மாள் மட்டும் அசையவில்லை. "நான் நம்பல" என்றார். "இவ்வளவு தெரியாம ஒருத்தர் இவ்வளவு நாள் ஓட்ட முடியாது."

"நீங்க இந்தத் தொழில்ல இருந்ததில்ல மேடம்" என்றேன் நான். ஆஷ்வெல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார்.

"ஆட்டத்தப் போடுங்க" என்றார் டட்டில் அம்மாள். "டிசம்பர் ஆட்டம். அந்த நேரத்துல இவர் கை என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். சைகை காட்டாம இருந்திருக்க முடியாது."

திரையில் போட்டார்கள். தொலைக்காட்சியில் வந்த அதே பதிவு. எல்லைக்கோட்டுக்கு மூன்று கஜம் வருவதற்குச் சற்று முன்னால் ஓரக்கோட்டைக் காட்டுகிறார்கள். ஒரு ஓரத்தில் வென்டெல், டேப்லெட்டை உற்றுப் பார்த்தபடி. ஒரு கையால் முன்பல்லில் ஒட்டிய எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி நல்ல கண்ணாடிதான். நடுவில், சட்டகம் நிறைய, கபுஸ்டா. அடுத்த ஆட்டம் என்ன என்று காதில் மாட்டிய கருவி வழியாக லாசிட்டரின் தலைக்கவசத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிரணியில் வாயசைவைப் படிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் அந்த நேரத்தில் ஆட்டமுறைகள் அச்சிட்ட பெரிய அட்டையால் வாயை மூடிக்கொள்வார்கள். கபுஸ்டாவும் மூடியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது, கழுகுக் கண்.

"நிறுத்துங்க" என்றார் டட்டில் அம்மாள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்குக்கண்ணாடியை எடுத்தார். போட வேண்டிய அவசியம் இல்லாததால் திரும்ப வைத்துவிட்டார்.

"எல்லைக்கோடு" என்று வாசித்தார். "ஒண்ணு, நீலக் கொக்கு. ரெண்டு, கிழட்டு அத்தை. மூணு, சமையக்காரன் வலம். இதெல்லாம் என்ன, குதிரைங்க பேரா?"



அட்டை இருபக்கமும் அச்சிட்டது. மைதானத்தின் நடுவில் ஆடுவதற்கான முறைகள் ஒரு பக்கம், எல்லைக்கோட்டுக்கானவை மறுபக்கம். கபுஸ்டா ஒரு பக்கத்தைப் படித்து வாயை மூடும்போது, மறுபக்கம் நாட்டுக்கே தெரிந்தது. ஆட்டம் முழுக்க.

"எட்டு இருக்கு" என்றார் ஆஷ்வெல் மெல்ல. "எட்டுல எது வரும்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஆட்டத்தில் எல்லைக்கோடு வரை போன முதல் தடவை நீலக் கொக்கு. இரண்டாவது தடவை கிழட்டு அத்தை. முந்தின வாரத்து ஆட்டத்தையும் போட்டார்கள். நீலக் கொக்கு, கிழட்டு அத்தை, சமையல்காரன். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். மேதை பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"வரிசைக்கு ஒரு தத்துவம் இருக்கு" என்றார் கபுஸ்டா.

அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. ஆஷ்வெல் ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தார். ரொம்ப நாளாக நடக்காத ஒன்று நடந்தது: அவர் சந்தேகப்பட ஆள் இல்லாமல் விழித்தார். அப்புறம் அவர் பார்வை மெதுவாக நகர்ந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்ற உயரமான உருவத்தின் மேல் படிந்தது.

"வென்டெல். நீ இதப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"எந்த அளவுக்கு?"

"எழுத்து பெருசாத்தானே இருக்கு."

"நீ வெளில நின்னிருக்கணும்."

"இப்பப் போகட்டுமா?"

"வேணாம்" என்று ஆஷ்வெலும் கபுஸ்டாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அணி கழித்துவிட்ட ஆளை மறுவாரம் எதிரணி கூப்பிட்டுக்கொள்ளும். ஆடுவதற்கு அல்ல. காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, அங்கே என்ன நடக்கிறது சொல்லு என்று கேட்பதற்கு. ஒரு மணி நேரம் முன்பு வரை வென்டெலை யார் கூப்பிட்டுக் கேட்டாலும் காபிதான் நஷ்டம். இப்போது அவனுக்கு ஒன்று தெரியும். நாலு வருஷத்தில் அணியைப் பற்றி அவன் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது. மில்ஸ்போர்ட்டுக்கு அது ஏற்கெனவே தெரியும். மற்ற அணிகளுக்குத் தெரியாது. பத்திரிகைகளுக்கும் உரிமையாளருக்கும் தெரியாது.

"எத்தன வருஷம் வேணும்?" என்றார் ஆஷ்வெல்.

"ஊர்ல இருந்தாப் போதும் சார்."

"நான் எத்தன வருஷம்னு கேட்டேன்."

வென்டெல் முதல் தடவையாகத் தானாக ஒரு முடிவெடுத்தான். "கோரினக் கேட்டுச் சொல்றேன்" என்றான்.

வராந்தாவுக்குப் போய்த் தொலைபேசியில் பேசினான். ஆஷ்வெல் எழுந்து போய்க் கதவு ஓரமாக நின்று கேட்டார். திரும்பி வந்தவன் சொன்னது: கோரினுக்குப் பள்ளியில் பணி நிரந்தரமாக மூன்று வருஷம் ஆகும். ஆகவே மூன்று வருஷம். ஆஷ்வெல் பேரம் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அதுவும் முதல் தடவை.

நான் உறையிலிருந்து முதல் அறிக்கையை எடுத்தேன். வென்டெல் கிரூபர் இந்த அணியைப் பற்றி அறிந்திருப்பதை விலை மதிக்க முடியாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

டட்டில் அம்மாள் தன் கட்டணச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்போது, வாசலில் என்னிடம், "அந்தாள அட்டையத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிட்டாப் போதாதா?" என்று கேட்டார்.

அதை அவர்களும் யோசித்திருந்தார்கள். திருப்பினால் நடு மைதானத்து முறைகள் வெளியே தெரியும். அட்டையே வேண்டாம் என்றால் மேதை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். கபுஸ்டா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. திடீரென்று அட்டையை மாற்றினால் பத்திரிகைக்காரன் ஏன் என்று கேட்பான், பழைய பதிவைத் தேடிப் பார்ப்பான் என்றார். ஆகவே வேறொரு ஏற்பாடு செய்தார்கள்.

செப்டம்பரிலிருந்து கபுஸ்டா அட்டையை வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் வென்டெல் அவருக்கு முன்னால், கேமராவுக்கு முதுகைக் காட்டி வந்து நிற்கிறான். கபுஸ்டா நகர்ந்தால் அவனும் நகர்கிறான். கையில் டேப்லெட் இருக்கிறது. கணினிப் பிரிவு அதைத் திறந்து கொடுத்துவிட்டது. அவன் முதுகு அகலமானது. மில்ஸ்போர்ட்டை இந்தத் தடவை எல்லைக்கோட்டிலேயே வென்றோம். பயிற்சியாளருக்கும் மாற்று ஆளுக்கும் இடையிலான ஆழ்ந்த புரிதலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அரைப்பக்கம் எழுதியது. கோரின் அதை வெட்டி ஆய்வுக்கூடக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தால் வென்டெல் தேவைப்பட்டிருக்க மாட்டான். அதைப் படிக்கக் கபுஸ்டா மூக்குக்கண்ணாடி போட வேண்டியிருக்கும். அது தன்னைத் தொலைக்காட்சியில் கிழவனாகக் காட்டும் என்று அவர் நினைக்கிறார்.